குச்சின் குழு வகுப்பு: பல்கலைக்கழகத்தில் ஒரு செமஸ்டர் நடத்த முழுமையான வழிகாட்டி

சீனப் பல்கலைக்கழகங்களில் இசைத் துறைக்கு வெளியே இருக்கும் மாணவர்களுக்கு, அதாவது பொறியியலோ சட்டமோ கணக்கியலோ படிப்பவர்களுக்கு, குச்சின் என்ற ஏழு தந்திச் சீன வாத்தியத்தை விருப்பப் பாடமாக நடத்தப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வாரம் ஒரு வகுப்பு, இரண்டு பாடவேளை, 16 வாரம் என்ற அளவை மனதில் வைத்துப் படியுங்கள்.

பெய்ஜிங்கின் மத்திய இசைக் கல்லூரியிலும் ஷாங்காய் இசைக் கல்லூரியிலும் இதையே முதன்மைப் பாடமாக எடுக்கும் மாணவர் ஆசிரியருக்கு எதிரே தனியாக உட்கார்ந்து கற்கிறார். தப்பு நடந்த நொடியிலேயே திருத்தம் கிடைத்துவிடும். குழு வகுப்பில் அந்த வசதி கிடையாது. பத்துப் பேருடைய இடது கைப் பெருவிரலை ஒரே நேரத்தில் யாராலும் பார்க்க முடியாது. ஆகவே பாதித் திருத்தத்தைப் பாடத்தின் வரிசையே செய்யும்படி அமைக்க வேண்டும்.

அந்த வரிசையில் நான் விடாமல் வலியுறுத்துவது ஒன்று: சுருதி சேர்ப்பதை முதலில் கற்றுக்கொடுங்கள். பல வகுப்புகளில் ஆசிரியரோ உதவியாளரோ முன்னதாகவே வந்து எல்லா வாத்தியங்களுக்கும் சுருதி சேர்த்து வைத்துவிடுகிறார்கள். மாணவர் வந்து உட்கார்ந்ததும் பாட்டு ஆரம்பம். செமஸ்டர் முடிவில் இரண்டு பாட்டு வாசிப்பார்கள், ஆனால் தந்தி இறங்கியிருப்பது காதில் படாது. அதற்குப் பிறகு எதைத் திருத்தினாலும் ஒட்டாது.

1. பெயர் பதியும் முன்பே சொல்ல வேண்டியவை

பாடப் பட்டியலைப் பார்த்து வருகிறவர்களில் பலர் இதை இன்னொரு சீனத் தந்தி வாத்தியமான குஜெங் என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். குஜெங்கில் 21 தந்திகள், ஒவ்வொன்றுக்கும் நகர்த்தக்கூடிய குதிரை (தந்தியைத் தாங்கும் கட்டை), விரலில் ஒட்டிக்கொள்ளும் செயற்கை நகம், அரங்கை நிரப்பும் ஓசை. குச்சினில் 7 தந்திகள்தான். பலகையின் நடுவே குதிரை கிடையாது, வீணையில் இருப்பதுபோன்ற மெட்டும் கிடையாது. சொந்த நகத்தால் மீட்ட வேண்டும். ஓசை பக்கத்து மேசையைத் தாண்டுவதே அபூர்வம். இதைப் பாட விவரத்திலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டாம் வாரம் கூட்டம் கரையும், வாத்தியங்கள் சும்மா கிடக்கும்.

இரண்டாவது, நகம். வலது கையில் பெருவிரல், ஆள்காட்டி, நடு, மோதிர விரல் நான்கிலும் நகம் சதையைத் தாண்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இருக்க வேண்டும். சுண்டுவிரலுக்கு இந்த வாத்தியத்தில் வேலையே இல்லை. இடது கையில் பெருவிரல் நகம் மட்டும் கொஞ்சம் இருக்கலாம், மற்றவற்றை ஒட்ட வெட்டிவிட வேண்டும். நகம் வளர வாரக்கணக்காகும், அதனால் பதிவு செய்த அன்றே செய்தி போக வேண்டும். முதல் வகுப்பில் சொன்னால் மாணவர் ஒரு மாதம் வெறும் சதையால் மீட்டுவார். அந்த மங்கிய ஓசைக்குக் காது பழகிவிடும்.

மூன்றாவது, பயிற்சி நேரம். எல்லோராலும் வாத்தியம் வாங்க முடியாது. அறைச் சாவி யாரிடம், எந்த நேரத்தில் யார் வாசிப்பது என்ற அட்டவணை தயாராகாமல் பாடத்தைத் திறக்காதீர்கள். வாரத்துக்கு ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் உட்காருவதைவிட, 20 நிமிடமாக மூன்று முறை உட்காருவது நல்லது. அழுத்தும் விரல் அதற்கு மேல் தாங்காது.

2. வாத்தியங்களைச் சரிபார்த்தல்

வாத்தியம் 120 சென்டிமீட்டரை ஒட்டிய நீளம். மேல் பலகை பெரும்பாலும் பௌலோனியா மரம், மேலே அரக்குப் பூச்சு. விலையோ தோற்றமோ முக்கியமில்லை. வகுப்புக்கு வாங்கும்போது ஒரே பட்டறையின் ஒரே மாதிரியை வாங்குங்கள். மாணவர்கள் வாரத்துக்கு ஒரு வாத்தியத்தில் உட்காருவார்கள். தந்தியின் உயரம் மாறிக்கொண்டே இருந்தால் கையின் பழக்கம் நிலைக்காது.

தந்தி உயரத்துக்குச் சீனத்தில் ஒரு பழைய அளவு சொல்வார்கள்: முன்னே ஒரு விரல், பின்னே ஒரு தாள். வலது முனையில் தந்தி ஏறி நிற்கும் மேட்டுக்குப் பக்கத்தில், தந்திக்கும் பலகைக்கும் நடுவே ஒரு விரல் நுழையலாம். இடது முனையில் ஒரு தாள் நுழைந்தால் போதும். இதைப் பார்த்த பிறகு ஒவ்வொரு தந்தியையும் இடமிருந்து வலமாக அழுத்தி நகர்த்திக்கொண்டே மீட்டுங்கள். இரண்டு குறைகளைத் தேடுகிறோம்:

அ. எங்காவது தந்தி பலகையில் பட்டு அதிர்கிறதா? அப்படியானால் பலகை அங்கே மேடு தட்டியிருக்கிறது.

ஆ. நடுப்பகுதிக்கு மேல் போகப் போக அழுத்துவது கடினமாகிறதா? அந்த வாத்தியத்தில் புதியவர் விரலைப் புண்ணாக்கிக்கொள்வார், தன் கை பலவீனம் என்றும் நினைப்பார்.

இரண்டில் எது இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள். வகுப்பில் சரிசெய்யக்கூடிய விஷயமில்லை இது.

தந்தியைப் பொறுத்தவரை வகுப்புக்கு எஃகு உள்ளே வைத்து நைலான் சுற்றியதுதான் சரி. நூற்றாண்டுகளாகப் புழங்கியது பட்டுத் தந்தி. அதன் ஓசையும், விரல் நகரும்போது எழும் உரசலும் தனி. ஆனால் வானிலை மாறினாலே சுருதி இறங்கும், அறுந்தும் போகும். புதிதாகச் சுருதி பழகுகிறவருக்கு அது கொடுமை. ஒரே ஒரு வாத்தியத்தில் பட்டுத் தந்தி கட்டி, கேட்பதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். அதை எஃகுத் தந்தி அளவுக்கு ஏற்றாமல் தணிவான சுருதியிலேயே வைக்க வேண்டும்.

வடக்கே குளிர்காலத்தில் வெப்பக் குழாய்கள் ஓடும் கட்டடங்களில் காற்று வறண்டு மரம் வெடிக்கும். தெற்கே கோடை மழை நாட்களில் ஈரம் ஏறும். ஈரப்பதம் 50 சதவீதத்தைச் சுற்றி இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வெப்பக் குழாய் ஓடும் சுவரில் வாத்தியத்தை மாட்டவே கூடாது.

3. மேசையும் அறையும்

சாதாரணப் படிப்பு மேசை 75 சென்டிமீட்டர் உயரம். குச்சினை அதன்மேல் வைத்தால் தோள் தூக்கிக்கொள்ளும், முழங்கை தொங்காது. 70 சென்டிமீட்டருக்குள் இருக்கும் மேசை வேண்டும். இல்லையென்றால் உயரமான முக்காலி போடுங்கள்.

சுருதி திருத்தும் முளைகளான பிரடைகள் ஏழும் வாத்தியத்தின் அடியில், வலது முனையில் தொங்குகின்றன. அந்த முனை மேசையின் வலது விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். புதியவர்கள் பாதுகாப்பு என்று நினைத்து வாத்தியத்தை மேசை நடுவுக்கு இழுத்துவிடுவார்கள். பிரடைகள் மேசையில் இடித்து, முழு வாத்தியமும் சாய்ந்து நிற்கும். அடியில் வழுக்காத ரப்பர் துண்டுகள் போட மறக்காதீர்கள். அவை இல்லாவிட்டால் இடது கை நழுவும் ஒவ்வொரு முறையும் வாத்தியமும் கூடவே நகரும்.

அறையில் ஏசி இரைச்சல் இருந்தால் வகுப்பே வீண். எல்லோரும் ஒரே நேரத்தில் வாசித்தால் யாருக்கும் தன் ஓசை கேட்காது. ஒரு வரிசை வாசிக்கட்டும், அடுத்த வரிசை ஓசையில்லாமல் விரலை மட்டும் அசைக்கட்டும். பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

4. முதல் வகுப்பு: வலது கை மட்டும்

தந்திகளின் எண்ணிக்கையிலிருந்து ஆரம்பியுங்கள். வாசிப்பவருக்கு மிகத் தொலைவில் இருக்கும் தடித்த தந்தி 1. நெஞ்சுக்குப் பக்கத்தில் இருக்கும் மெல்லியது 7. கிதார் தெரிந்தவர்கள் இதைத் தலைகீழாக எடுத்துக்கொள்வார்கள், மெல்லியதே அவர்களுக்கு 1. அவர்களைத் தனியாகக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

வலது கைக்கு எட்டு அடிப்படை மீட்டுகள். நான்கு விரல், ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. முதல் நாள் இரண்டே போதும்: நடுவிரலைத் தன் பக்கமாக இழுக்கும் ‘கோவ்’, ஆள்காட்டியை வெளியே தள்ளும் ‘தியாவ்’. ஆரம்பப் பாட்டுகளின் பெரும் பகுதி இந்த இரண்டிலேயே ஓடிவிடும். எட்டையும் ஒரே நாளில் காட்டினால் மாணவர் பெயர்களை மனப்பாடம் செய்வார், கை ஒன்றையும் பிடித்துக்கொள்ளாது.

கோவ் மீட்டிய விரல் காற்றில் பறக்கக் கூடாது. அடுத்த தந்தியில் போய் இலேசாக நிற்க வேண்டும். அப்போதுதான் கை தன் இடத்தை இழக்காது, அடுத்த மீட்டுக்குக் கண்ணால் தேட வேண்டியதில்லை. தியாவில் பெருவிரல் நுனி ஆள்காட்டியைத் தாங்கிப் பிடித்து, இரண்டும் சேர்ந்து ஒரு கண் வடிவம் காட்டும். அங்கிருந்து தள்ளல். பெருவிரல் தாங்காமல் ஆள்காட்டி மட்டும் சுண்டினால் ஓசை மெலிந்து கிறீச்சிடும்.

மீட்டும் இடம், வலது மேட்டுக்கும் பலகை விளிம்பில் வலமிருந்து முதலாவதாக இருக்கும் சிப்பிப் புள்ளிக்கும் இடையே. மேட்டை ஒட்டி மீட்டினால் ஓசை கடினமாகும். கையைப் பார்த்துக்கொண்டே குனிகிறவர்கள் தங்களை அறியாமல் இடப்பக்கம் நகர்ந்துவிடுவார்கள். முதல் நாளே இந்த எல்லையைக் காட்டிவிடுங்கள்.

5. சுருதி சேர்த்தல்

இரண்டாம், மூன்றாம் வகுப்புகளை முழுக்க இதற்கே கொடுங்கள். மாணவர் முனகுவார், பரவாயில்லை.

முதலில் புள்ளிகள். பலகையின் வெளி விளிம்பில் 13 சிப்பிப் புள்ளிகள் இருக்கும். இவற்றுக்கு ‘ஹுய்’ என்று பெயர். வலமிருந்து எண்ண வேண்டும். 7ஆம் ஹுய் தந்தியின் சரிபாதி. 5ஆவதும் 9ஆவதும் தந்தியை மூன்றாகப் பிரிக்கும் இடங்கள். 4ஆவதும் 10ஆவதும் நான்கில் ஒரு பங்கு வரும் இடங்கள். இந்த இடங்களில் இடது விரலை அழுத்தாமல், தந்தியைத் தொட்டபடி மீட்டி, உடனே எடுத்துவிட்டால் மணி போன்ற ஒலி எழும். இதைத் ‘தொடு ஒலி’ என்கிறேன். விரல் வைக்காமல் மீட்டுவது வெறுந்தந்தி. பலகையோடு சேர்த்து அழுத்தி மீட்டுவது அழுத்து ஒலி. குச்சினின் எல்லா இசையும் இந்த மூன்றுக்குள் அடங்கும்.

தொடு ஒலியில் புதியவர் செய்யும் தப்பு இரண்டு. விரலை எடுக்கத் தாமதிப்பது ஒன்று, அப்போது ஒலி பிறந்தவுடன் செத்துவிடும். புள்ளிக்குச் சற்றுத் தள்ளித் தொடுவது இன்னொன்று, அப்போது ஒலி எழவே எழாது. இரண்டையும் ஆசிரியர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, வாத்தியமே காட்டிக்கொடுத்துவிடும். குழு வகுப்பில் இதை முன்னால் வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

வழக்கமான சுருதியில் ஏழு தந்திகளின் ஸ்வரங்கள், 3ஆம் தந்தியை ஆதார ஸட்ஜமாக வைத்தால், இப்படி வரும்: ப, த, ஸ, ரி, க, ப, த. மோகனம் தெரிந்த காதுக்கு உடனே பிடிபடும். சீன மாணவர்களுக்கு எண் முறையில் 5 6 1 2 3 5 6 என்று எழுதினால் போதும், பள்ளியிலேயே படித்திருப்பார்கள்.

இனி வரிசை:

அ. 5ஆம் தந்தியை மட்டும் போன் செயலியின் உதவியால் 110 ஹெர்ட்ஸுக்குக் கொண்டு வாருங்கள்.

ஆ. 5ஆம் தந்தியை 10ஆம் ஹுய்யில் தொட்டு ஒலி எழுப்புங்கள். அதே ஒலி 7ஆம் தந்தியின் 9ஆம் ஹுய்யில் வரும்வரை 7ஐத் திருத்துங்கள்.

இ. 7ஆம் தந்தியின் 7ஆம் ஹுய்யோடு 2ஆம் தந்தியின் 10ஆம் ஹுய்.

ஈ. 2ஆம் தந்தியின் 10ஆம் ஹுய்யோடு 4ஆம் தந்தியின் 9ஆம் ஹுய்.

உ. 4ஆம் தந்தியின் 10ஆம் ஹுய்யோடு 6ஆம் தந்தியின் 9ஆம் ஹுய்.

ஊ. 6ஆம் தந்தியின் 7ஆம் ஹுய்யோடு 1ஆம் தந்தியின் 10ஆம் ஹுய்.

எ. 1ஆம் தந்தியின் 10ஆம் ஹுய்யோடு 3ஆம் தந்தியின் 9ஆம் ஹுய்.

கடைசியாக 3இன் 9ஆம் ஹுய்யும் 6இன் 7ஆம் ஹுய்யும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போனால் வேலை முடிந்தது. இல்லையென்றால் நடுவே எங்கோ அவசரப்பட்டிருக்கிறோம், ‘ஆ’விலிருந்து திரும்ப வர வேண்டும்.

தொடு ஒலியால் சேர்ப்பதில் ஒரு வசதி உண்டு. விரலை எடுத்த பிறகும் ஒலி நீண்டு நிற்கும். அது கேட்டுக்கொண்டிருக்கும்போதே கையைக் கீழே கொண்டுபோய்ப் பிரடையைத் திருப்பலாம். இரண்டு ஒலிகளும் நெருங்கும்போது ஏறி இறங்கும் அலைவு மெதுவாகி, பிறகு நின்றுவிடும். அந்த அலைவைக் கேட்பதுதான் பாடம். ஒருமுறை பிடிபட்டால் போதும், அப்புறம் அவர்களாகவே தேடுவார்கள்.

போன் செயலியை 5ஆம் தந்தியோடு நிறுத்தச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1ஆம் தந்தி 65 ஹெர்ட்ஸ் அளவில் இருப்பதால் போன் மைக் அடிக்கடி தடுமாறி மேல் ஒலிகளைப் படிக்கும். தவிர, முள்ளைப் பார்க்கும் கண் வேலை செய்தால் காது ஓய்வெடுத்துக்கொள்ளும்.

இங்கே கெட்டிக்கார மாணவர் ஒருவர் கட்டாயம் ஒரு சிக்கலோடு வருவார். 3ஆம் தந்தியின் 11ஆம் ஹுய்யும் 5ஆம் தந்தியின் 10ஆம் ஹுய்யும் ஒன்றாக ஒலிக்க வேண்டும் என்று எங்கோ படித்திருப்பார். மேலே சொன்ன வழியில் சேர்த்த வாத்தியத்தில் இந்த இரண்டும் கிட்டே வரும், ஆனால் ஒட்டாது. 5ஆம் தந்தியின் ஒலி கொஞ்சம் தூக்கலாகவே நிற்கும். வாத்தியத்தில் குறையில்லை. பஞ்சமங்களாலேயே கட்டிய காந்தாரத்தின் அதிர்வெண் ஸட்ஜத்தைப்போல் 81/64 மடங்கு. 11ஆம் ஹுய் தரும் இயற்கைக் காந்தாரம் 5/4. இரண்டுக்கும் உள்ள இடைவெளி 81/80, ஏறக்குறைய 22 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). அதை ‘சரி’ செய்கிறேன் என்று அவர் 5ஐ இறக்கினால் 2, 7 இரண்டோடும் உறவு கெடும். இதை முன்கூட்டியே பலகையில் எழுதிக் காட்டிவிடுங்கள். பொறியியல் மாணவர்கள் அன்றைக்குத்தான் நிமிர்ந்து உட்காருவார்கள்.

பிரடையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பிரடை தந்தியை நேராகச் சுற்றுவதில்லை. தந்தியின் நுனி முடிச்சு ஒரு பட்டுக் கயிற்றில் மாட்டியிருக்கிறது. பிரடை அந்தக் கயிற்றை முறுக்கிச் சுருக்குகிறது. அதனால் திருத்தக்கூடிய அளவு கொஞ்சம்தான். அதற்கு மேல் இறங்கிய தந்தியைப் பிரடையால் ஏற்றப் பார்த்தால் கயிறு அறும். தந்தியை அவிழ்த்து, அடியில் இருக்கும் இரண்டு கால்களில் மறுபடி இழுத்துச் சுற்ற வேண்டும். புதியவர் கையில் விடாமல் அதை ஆசிரியர்தான் செய்ய வேண்டும். பிரடை வழுக்கினால் அது பலகையைத் தொடும் முகத்தில் சாக்பொடி தடவுங்கள்.

6. முதல் பாட்டு: ஷியன்வெங் சாவ்

சுருதி சேர்க்கத் தெரிந்த கையோடு இதை ஆரம்பியுங்கள். வெறுந்தந்தியும் அழுத்து ஒலியும் ஒரே ஸ்வரத்தில் மாறி மாறி வரும் சின்னப் பாட்டு. 7ஆம் தந்தியை வெறுமனே மீட்டி, உடனே 4ஆம் தந்தியை 9ஆம் ஹுய்யில் பெருவிரலால் அழுத்தி மீட்டினால் இரண்டும் ஒன்றே. அடுத்து 6ஆம் தந்தி, அதற்கு ஜோடி 4ஆம் தந்தியின் 10ஆம் ஹுய். இப்படியே போகும். ‘ஷியன், வெங்’ என்ற இரண்டு அசைகளையும் ஒவ்வொரு ஜோடிக்கும் பாடிக்கொண்டே வாசிப்பது வழக்கம்.

அழுத்தும் விரல் இடம் தவறினால் ஜோடி உடனே பிசகும். மாணவர் தன் தப்பைத் தானே கேட்பார். 5ஆம் தந்திக்கு ஜோடியாக 3ஆம் தந்தியை அழுத்தும்போது இடம் 11ஆம் ஹுய் இல்லை, 10.8. பத்தாம் ஹுய்யிலிருந்து பதினொன்றுக்குப் போகும் தூரத்தில் பத்தில் எட்டுப் பங்கு. போன வாரம் பலகையில் எழுதிய 81/64 இங்கே விரலுக்குக் கீழே கிடைக்கும். சுருதிப் பாடத்தைத் தவிர்த்த வகுப்புகளில் இந்த 10.8 வெறும் எண்ணாகத்தான் மனப்பாடம் ஆகிறது.

அழுத்தும் முறையைக் கைப்பிடித்துக் காட்டுங்கள். பெருவிரலில் பாதி நகம், பாதி சதை, வெளிப்பக்க ஓரத்தால். மோதிர விரலில் நகத்தை ஒட்டிய பக்கச் சதையால். விரல் நுனியால் செங்குத்தாக அழுத்துவது எல்லோருக்கும் இயல்பாக வரும் தப்பு. அப்படி அழுத்தினால் ஒரு ஸ்வரம் ஒலிக்கும், ஆனால் அங்கிருந்து நழுவ முடியாது. வலித்தால் நிறுத்தச் சொல்லுங்கள். தோல் காய்ப்பேற அதன் காலம் ஆகும்.

7. நழுவல்கள்

வரிசை முக்கியம்: முதலில் ஒரு ஹுய்யிலிருந்து இன்னொரு ஹுய்க்குத் திட்டமாகப் போய்ச் சேரும் ஏற்ற இறக்கம். பிறகு, கீழிருந்து வழுக்கி ஸ்வரத்துக்குள் நுழையும் ‘சுவோ’வும் மேலிருந்து நுழையும் ‘ஜூ’வும். கடைசியாக, ஸ்வரத்தைச் சுற்றி ஆடும் ‘யின்’, அதைவிட அகலமான ‘நாவ்’. எல்லோருக்கும் ஆசை கடைசியில் இருப்பதன் மேல்தான். போய்ச் சேரும் இடம் உறுதிப்படாமல் ஆட்டத்தைக் கொடுத்தால், தப்பான ஸ்வரத்தை ஆட்டத்தால் மூடக் கற்றுக்கொள்வார்கள்.

வலப்பக்கம் நகர்ந்தால் சுருதி ஏறும், ஆனால் ஹுய் எண் குறையும். ‘மேலே போ’ என்று சொல்லும்போதெல்லாம் பாதி வகுப்பு இடப்பக்கம் போகும். சில வாரங்களுக்கு ‘வலம்’, ‘இடம்’ என்றே சொல்லுங்கள்.

வீணை வாசித்தவர் வகுப்பில் இருந்தால் மீட்டிய பிறகு இடது கை இசை செய்யும் என்ற எண்ணம் அவருக்குப் புதிதில்லை. வீணையின் நழுவலான ஜாருவைப் போலத்தான் இங்கே பெரும்பாலான வேலை. ஆனால் இரண்டு பழக்கங்களை விட வேண்டும். மெட்டின்மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுப்பது இங்கே இல்லை. வீணையில் உழைக்கும் ஆள்காட்டியும் நடுவிரலும் இங்கே பின்னால் போய், பெருவிரலும் மோதிர விரலும் முன்னால் வரும்.

இன்னொன்றையும் சொல்லி வையுங்கள். நீண்ட நழுவலின் கடைசியில் ஒலி ஏறக்குறைய அடங்கியிருக்கும், விரல் மட்டும் நகர்ந்துகொண்டிருக்கும். மாணவர் ஏதோ தவறவிட்டதாக நினைத்து அழுத்தத்தைக் கூட்டுவார், அல்லது மறுபடி மீட்டுவார். இரண்டும் வேண்டாம். அந்த அடங்கிய நகர்வு இந்த இசையின் பகுதிதான். பட்டுத் தந்தி கட்டிய வாத்தியத்தில் வாசித்துக் காட்டினால் விரல் உரசும் சத்தத்திலேயே ஸ்வரம் தொடர்வது கேட்கும்.

8. ஜியான்சிபூ: குறியெழுத்தை எப்போது கொடுப்பது

ஷியன்வெங் சாவ் கையில் வந்த பிறகு, அதற்கு முன் வேண்டாம். குச்சினின் குறியெழுத்து ஸ்வரத்தை எழுதுவதில்லை, கை செய்ய வேண்டியதை எழுதுகிறது. பார்க்க ஒரு சீன எழுத்துப் போலவே இருக்கும். மேலே இடது மூலையில் எந்த இடது விரல், வலது மூலையில் எந்த ஹுய், கீழே எந்த மீட்டு, அதன் வயிற்றுக்குள் எந்தத் தந்தி. கை ஏற்கெனவே செய்த காரியத்தைத் தாளில் பார்க்கும்போது ஒரே வகுப்பில் பிடிபடும். செய்யாத காரியத்தைப் படித்தால் குறுக்கெழுத்துப் புதிர்தான்.

இன்றைய பதிப்புகளில் குறியெழுத்துக்கு மேலே எண் ஸ்வரமோ ஐந்துகோட்டு ஸ்வரமோ அச்சாகியிருக்கும். மாணவர் கண் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். பாட்டு ஓரளவு வந்ததும் மேல் வரியைத் தாளால் மறைத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

9. பாட்டுகளின் வரிசை

ஷியன்வெங் சாவுக்கு அடுத்து ‘ச்சியுஃபெங் த்ஸ’, ‘ஷியாங்ஃபெய் யுவான்’ இரண்டில் ஒன்று. பிறகு ‘குவான்ஷான் யுவே’. நேரமும் கையும் இருந்தால் ‘யாங்குவான் சான்தியே’. ‘லியூஷுய்’ வேண்டுமென்று கேட்பார்கள், ஏனென்றால் குச்சின் கலைஞர் குவான் பிங்ஹு வாசித்த அந்தப் பாட்டு 1977இல் வாயேஜர் விண்கலத்தின் இசைத்தட்டில் போனது எல்லோருக்கும் தெரியும். கேட்கக் கொடுங்கள், வாசிக்கக் கொடுக்காதீர்கள்.

இந்தப் பாட்டுகளில் பலவற்றுக்குச் சொற்கள் உண்டு. குவான்ஷான் யுவேயை லீ பாயின் கவிதையோடும், யாங்குவான் சான்தியேயை வாங் வேயின் கவிதையோடும் பாடலாம். பாடிக்கொண்டே வாசிப்பதை விருப்பமாக விடாமல் கட்டாயமாக்குங்கள். இசைப் பயிற்சி இல்லாதவருக்கு லயம் மூச்சிலிருந்துதான் வரும். சொற்களைத் தவிர்த்தால் கை கஷ்டப்படும் இடத்தில் நீட்டுவார், சுலபமான இடத்தில் ஓடுவார்.

ஒரே பாட்டுக்கு ஒவ்வொரு குரு மரபு வழியிலும் ஒரு வடிவம் இருக்கும். மெய்யான் வழி, குவாங்லிங் வழி, சிச்சுவான் வழி என்று இணையத்தில் மூன்று விதமாகப் பார்த்துவிட்டு மாணவர் கலந்து வாசிப்பார். முதல் செமஸ்டரில் ஒரே பதிப்பை எடுத்துக்கொண்டு அதிலேயே நில்லுங்கள். மெய்யான் வழிப் பாட்டுகளில் லயம் தெளிவாக இருப்பதால் புதியவர்களுக்கு நான் அதைத்தான் எடுப்பேன்.

10. லயம் எழுதாத ஏட்டோடு ஒரு வகுப்பு

பழைய ஏடுகளில் ஸ்வரத்தின் நீளம் எழுதப்படவில்லை. ஏட்டை எடுத்து, விரலால் உழைத்து, லயத்தைக் கண்டெடுக்கும் வேலைக்குத் ‘தாபூ’ என்று பெயர். தேர்ந்த கலைஞர்களுக்கு மாதங்கள் பிடிக்கும் வேலை. ஆனால் உயர்கல்விப் பாடத்தில் இதன் வாசலையாவது காட்டாமல் விடக்கூடாது. காட்டாவிட்டால் அச்சிட்ட ஸ்வரம்தான் பாட்டு என்று மாணவர் நம்பிப் போய்விடுவார்.

‘ஜியுகுவாங்’ (மதுவெறி) இதற்குச் சரியான பாட்டு. 1425இல் மிங் இளவரசர் ஜூ ச்சுவான் தொகுத்த ‘ஷென்ச்சி மீபூ’ ஏட்டில் இருக்கிறது. குறுகியது, ஒரே சொற்றொடர் திரும்பத் திரும்ப வருவது. முதல் சொற்றொடரின் குறியெழுத்தை மட்டும் கொடுத்து, வகுப்பை மூன்று குழுவாகப் பிரித்து, அவரவர் லயத்தை முடிவு செய்யச் சொல்லுங்கள். அதற்குப் பிறகுதான் ஒலிப்பதிவு. 20ஆம் நூற்றாண்டில் குச்சின் கலைஞர் யாவ் பிங்யான் இதற்கு மும்மூன்றாக நடக்கும் லயத்தைக் கண்டார். சீன இசையில் அரிதான நடை அது. தள்ளாடும் குடிகாரன் கால்போக்கு அதில் தெரியும். முதலிலேயே ஒலிப்பதிவைப் போட்டுவிட்டால் மூன்று குழுவும் அதையே திருப்பி வாசிக்கும், பயிற்சி அதோடு முடிந்துவிடும்.

குழுக்கள் சண்டை போடும்போது ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: இந்த இடத்தில் விரல் அடுத்த இடத்துக்குப் போக எவ்வளவு நேரம் வேண்டும்? லயத்துக்கான சான்றில் ஒரு பகுதி ஏட்டில் இல்லை, கையில் இருக்கிறது.

11. தேர்வும் மதிப்பெண்ணும்

தேர்வில் ஒரு பாட்டு மட்டும் வைத்தால் கடைசி இரண்டு வாரம் அதை மட்டும் மனப்பாடம் செய்வார்கள். மூன்றாகப் பிரியுங்கள்: ஆசிரியர் வேண்டுமென்றே இரண்டு தந்திகளைக் கலைத்த வாத்தியத்தை உதவியில்லாமல் சேர்ப்பது, பாடிக்கொண்டே ஒரு பாட்டு, இதுவரை பார்க்காத குறியெழுத்து ஒரு வரி. முதல் பகுதிக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண்ணாவது இருக்கட்டும். அது இருக்கிறது என்று முதல் வாரமே சொல்லிவிட்டால், சுருதி வகுப்பில் முனகல் பாதியாகும்.

வேகத்துக்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள். வீட்டில் சொந்த வாத்தியம் இருப்பவருக்கே அது சாதகம்.

தேர்வு முடிந்த நாளிலேயே வாத்தியங்களைப் பார்த்துவிடுங்கள், விடுமுறைக்குப் பிறகு என்று தள்ள வேண்டாம். இற்றுப்போன பட்டுக் கயிறு எத்தனை, வழுக்கும் பிரடை எது, எந்த வாத்தியத்தில் பலகை புதிதாக அதிர்கிறது என்று மாணவர்களையே எழுதச் சொன்னால் சரியாக எழுதுவார்கள். 16 வாரம் அந்த வாத்தியங்களின் குறைகளோடு பழகியவர்கள் அவர்கள்தான். அடுத்த செமஸ்டருக்கான உதிரிப் பொருள் பட்டியல் அந்தத் தாள்களிலிருந்தே வந்துவிடும்.